ஜெபத்துக்கு முன்னால் ஊசி

என் கணவர் ஜெபம் செய்ய ஆரம்பித்தால் ஒரு பானை சோறு வெந்து, வடித்து, ஆறியும் போய்விடும். குறையாகச் சொல்லவில்லை. அந்த நீளத்தை நம்பித்தான் நான் கடல் தாண்டிப் போய்ப் பல் பிடுங்கினேன்.

எங்கள் சபையிலிருந்து மருத்துவ ஊழியத்துக்குப் போயிருந்தோம். விமானத்தில் ஏறி இறங்கி, அப்புறம் இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும்போல ஒரு பஸ் பயணம். கண் டாக்டரும் பிரஷர் பார்க்கிறவர்களும் எதிர்க் கட்டடத்தில். பல் பிரிவுக்கு நானும் என் தம்பியும். அவனும் பல் டாக்டர்தான், ஆனால் பட்டத்தின் மை இன்னும் காயவில்லை. என் கணவர் எலக்ட்ரிக்கல் கடைக்காரர், மொத்தக் குழுவுக்கும் தலைவர். ஜெனரேட்டர், வயர், விளக்கு எல்லாம் அவர் பொறுப்பு. ஜெபமும் அவர் பொறுப்பு.

விடுமுறைக்கு மூடியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைதான் எங்கள் கிளினிக். கரும்பலகையில் யாரோ பாதி போட்டு விட்டுப்போன பின்னக் கணக்கு அப்படியே இருந்தது. மாணவர்களின் மேசைமேல் குறடுகளும் கண்ணாடிகளும். மூலையில் ஒரு பிரஷர் குக்கர், உள்ளே சோறு கிடையாது, கருவிகள்தான். அது விசிலடிக்கும்போதெல்லாம் காத்திருக்கும் நோயாளிகள் ஏதோ சாப்பிடக் கிடைக்கப் போகிறது என்று எட்டிப் பார்த்து ஏமாந்தார்கள்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஜெபம் செய்துவிட்டுத்தான் சிகிச்சை. இது எங்கள் குழுவின் முறை. முதல் நாள் முதல் ஆள் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். என் கணவர் அவருக்காக ஆரம்பித்து, அவர் குடும்பத்துக்காக, அந்த நாட்டை ஆளுகிறவர்களுக்காக, எங்களைக் கொண்டுவந்து இறக்கிய விமானிக்காக, ஜெனரேட்டரில் இருக்கும் டீசலுக்காக என்று போய்க்கொண்டே இருந்தார். நோயாளிக்கு வாய் காய்ந்துவிட்டது. இத்தனை பெரிய ஜெபம் என்றால் எத்தனை பெரிய ஆபத்தோ என்று கண்ணில் பீதி வேறு. வரிசை பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிவிட்டது.

ஜெபத்தைச் சுருக்கச் சொன்னால் மனுஷர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் நான் வரிசையை மட்டும் மாற்றினேன். முதலில் ஊசி, பிறகு ஜெபம். மரத்துப்போகிற மருந்து வேலை செய்யக் கொஞ்ச நேரம் எடுக்கும். அவர் டீசலுக்கு வரும்போது தாடை கட்டையாகியிருக்கும். முடிக்கும்போது அவர் மூன்று தடவை ஆமென் சொல்வார். முதலாவது உரக்க, இரண்டாவது மெதுவாக, மூன்றாவது பெருமூச்சோடு. அந்தப் பெருமூச்சில் குறடு உள்ளே போய்விடும். அவருக்கு ஜெபம் ஆயிற்று, எனக்கு வேலை ஆயிற்று.

மொழிபெயர்க்க டெய்லர் அக்கா இருந்தார். கணவர் டிரைவர் வேலைக்கு வந்த இடத்தில் கூடவே வந்து, அங்கேயே தையல் கடை போட்டு, அந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்ட நம்மவர். ஊசியைப் பார்த்து நோயாளிகள் மிரளுகிறார்கள் என்று, முகத்தை மூடிக்கொள்ளப் பச்சைத் துணியில் வாய்க்கு மட்டும் வட்டமாக ஓட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். என் கணவரின் ஜெபம் முழுவதையும் அவர் ஒரே வரியில் மொழிபெயர்த்து முடித்துவிடுவார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, பல் போகப் போகிறது, அசையாமல் படு என்று சொன்னேன் என்றார்.

இனி அந்தச் சாட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு என் கணவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. வீட்டை அளந்து அளந்து நடந்தார். கிளினிக்குக் கூப்பிட்டேன், நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். ஓடுகிற கரண்ட்டில் கையை வைப்பவருக்கு என் ஊசி என்றால் மட்டும் உயிர் போகும். ஒரு நாள் காலையில் எழுந்தார், வலி இல்லை. இது குணமானதில்லை, பல்லின் நரம்பு செத்துவிட்டது, அதனால்தான் வலிக்கவில்லை, பிறகு சீழ் பிடிக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்த ஞாயிற்றுக்கிழமையே சபை முன்னால் போய் நின்று, டாக்டர் வீட்டிலேயே இருந்தும் டாக்டரைத் தேடாமல் ஆண்டவரைத் தேடினேன், சுகமானேன் என்று சாட்சி சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வீட்டிலிருக்கும் டாக்டர், பெண்கள் வரிசையில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சபையில் யாருக்குப் பல் வலித்தாலும் என் வீட்டு வாசலுக்கு வந்து, என்னிடமே, அண்ணன் இருக்காரா என்று கேட்பார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதிருக்கிறேன்.

அதே சாட்சியை ஊழியத்துக்குப் போன ஊர்ச் சபையிலும் வந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து விட்டார். டெய்லர் அக்கா அன்றைக்கென்று ஒரு வார்த்தைகூட விடாமல் மொழிபெயர்த்தார். ஏனக்கா, இதை மட்டும் சுருக்கவில்லையே என்று கேட்டேன்.

“கதை நல்லா இருந்துச்சு டாக்டரம்மா, வெட்ட மனசு வரல.”

மறுநாளே வந்தார் கண்டக்டரம்மா. டவுன் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர், தோளில் தோல் பையோடு சீருடையிலேயே வந்திருந்தார். கூடப் பத்து வயது மகள். பெண்ணின் ஒரு கன்னம் வீங்கி, கண் பாதி மூடி, தாடைக்குக் கீழே கல்லாக இறுகியிருந்தது. காய்ச்சல் வேறு. வாயை இரண்டு விரல் அகலம்கூடத் திறக்க முடியவில்லை. கீறிச் சீழை எடுத்துவிட்டு, பல்லையும் அன்றைக்கே எடுக்க வேண்டும் என்றேன். வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சு அடைக்கும். கரும்பலகையில் படம் போட்டுக்கூடக் காட்டினேன். கண்டக்டரம்மா எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு டெய்லர் அக்காவிடம் ஏதோ சொன்னார்.

“ஊசி வேணாமாம். ஞாயித்துக்கிழமை பேசின அண்ணனுக்கு நடந்த மாதிரியே தன் பொண்ணுக்கும் நடக்கணுமாம். அவர் ஜெபம் பண்ணினா போதும்ங்கறாங்க.”

அந்த நேரம் பார்த்து என் கணவர் டீசல் வாங்கப் போயிருந்தார். கண்டக்டரம்மா மாத்திரைகளை மட்டும் வாங்கிக்கொண்டு, நாளைக்கு மதியம் வேலை முடிந்ததும் ஜெபத்துக்கு வருகிறேன் என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் என் கணவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் நிலைமையைச் சொன்னேன்.

“உங்க பல்லு உண்மையில சரியாகலைன்னு அந்தம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்.”

“எந்தப் பல்லு?” என்றார்.

சாட்சி சொன்னால் சொன்னதுதான், அதைத் திருப்பி வாங்கினால் கேட்டவர்களின் விசுவாசம் குலைந்துவிடும் என்று ஒரு சின்னப் பிரசங்கமே வைத்தார். வைக்கும்போது ரொட்டியை இடது பக்கமே மென்றார். டீயைத் தண்ணீராக ஆற விட்டுக் குடித்தார். மருந்துப் பெட்டியில் வலி மாத்திரை நோயாளிகளின் வேகத்தைவிட அதிக வேகத்தில் குறைந்து வந்ததையும் நான் கவனித்திருந்தேன். கன்னத்தைப் பிடித்துத் திருப்பி வாயைத் திறக்க வைக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் அவராக வந்து வாயைத் திறக்கட்டும் என்று எனக்கும் வீம்பு. அந்தப் பெண் நினைவுக்கு வந்தபோதெல்லாம் அந்த வீம்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றும் இருந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டு இடைவேளை. ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தார்கள். நான் வராந்தா ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கேட் பக்கம் கண்டக்டரம்மா மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவது தெரிந்தது. எழுந்திருக்கப் போனேன். அதற்குள் என் தம்பி வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றான்.

“அக்கா, ஒரு பேஷண்ட். உள்ளூர்க்காரர். உதட்டுல விரல் பட்டாலே என் கையைப் பிடிச்சுக்கிறார். நீ கொஞ்சம் வர்றியா? இல்ல, வேணாம், நானே பாத்துக்கறேன்.”

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் காது சிவக்கும். இரண்டு காதும் தீயாக இருந்தன. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

நாற்காலியில் ஒருவர் படுத்திருந்தார். பச்சைத் துணி முகத்தை மூடி மார்பு வரை இறங்கியிருந்தது. மதிய வெயிலில் கழுத்து வரை பட்டன் போட்ட ஒரு டிரைவர் கோட்டு. டெய்லர் அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரும்பலகையின் பின்னக் கணக்கை நாளைக்குப் பரீட்சை இருப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டு யார் வீட்டு ஆணியில் தொங்கியது என்று நான் கேட்கவில்லை.

வாயைத் திறக்கச் சொல்லுங்கள் அக்கா என்றேன். அக்கா அந்த ஊர்ப் பாஷையில் சொன்னார். உள்ளூர்க்காரர் திறக்கவில்லை. அக்கா மறுபடியும் சொன்னார். அவர் அசையவே இல்லை. தம்பி அவர் தோளை ஓர் இடி இடித்தான். உடனே வாய் திறந்தது.

மேலே இடது பக்கம் ஓர் அடைப்பு. கல்யாணமான புதிதில் நானே அடைத்தது. அதை அடைப்பதற்குள் அவர் என் கிளினிக் நாற்காலியின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார். புருஷன் முகம் மறந்தாலும் மறக்கும், தான் அடைத்த பல் ஒரு டாக்டருக்கு மறக்காது. கீழே வலது பக்கம் கடைவாய்ப் பல் கறுத்து, ஈறு உப்பி நின்றது. நான் சொன்னது அப்படியே பலித்திருந்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அந்த வீக்கத்தைப் பார்த்ததும், இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் சிரித்துப் பேசினார் என்று நெஞ்சு பிசைந்தது. ஆனால் இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்கிற நேரமில்லை அது.

எவ்வளவு நாளாக வலி என்று கேட்கச் சொன்னேன். அக்கா நீளமாகக் கேட்டார். நாற்காலியிலிருந்து ஒரு முனகல் வந்தது. அக்கா அதை மொழிபெயர்த்தார்.

“ரொம்ப நாளா இருக்காம். பொண்டாட்டி சொன்னதைக் கேக்கலையாம்.”

கோட்டுக்குள் ஓர் அசைவு. ஜெபம் பண்ணுகிறவர் எங்கே என்று தம்பியைக் கேட்டேன். மாமா ஜெனரேட்டர் பக்கம் போயிருக்கார் என்றான். நிறுத்தி வைத்த ஜெனரேட்டரிடம் என்ன வேலையோ. சரி, இன்றைக்கு நானே ஜெபம் பண்ணுகிறேன் என்று ஊசியை எடுத்தேன். உதட்டைத் தொட்டதுமே உள்ளூர்க்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கையை விடச் சொல்லுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா வாயைத் திறப்பதற்குள் கை விட்டுவிட்டது.

ஊசி போட்டேன். போட்டுவிட்டு, தமிழில், நிதானமாக, உரக்க ஜெபம் பண்ண ஆரம்பித்தேன்.

“ஆண்டவரே, முன்பின் தெரியாத இந்த மனுஷனுக்காக ஸ்தோத்திரம். ஜெனரேட்டர் பக்கம் போன என் வீட்டுக்காரரையும் நினைச்சுக்கோங்க. நல்ல மனுஷன். கரண்ட்டைத் தொடுவார், ஊசியைத் தொட மாட்டார். வலி போச்சுன்னு அவர் சொன்னது பொய்யில்ல. பல்லு செத்ததால வலி போச்சு. அவர் அவசரப்பட்டு உங்க பேரைச் சொல்லிட்டார். உங்களுக்கு அதுல வருத்தமோ இல்லையோ, எனக்கு வருத்தம். எனக்கு இந்த வேலையைக் கத்துக் கொடுத்ததும் நீங்கதானே. அதை அவர் ஊர் முன்னாடி ஒண்ணுமில்லாம ஆக்கிட்டார்.”

இந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. அதுவரை விளையாட்டாகத்தான் இருந்தது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் தொடர்ந்தேன்.

“வெளியில ஒரு பொண்ணு காத்திருக்கு. வீக்கம் கழுத்துக்கு இறங்கிட்டிருக்கு. இன்னைக்கு எடுக்கலைன்னா மூச்சு விட முடியாமப் போகலாம். அவங்க அம்மா என் வார்த்தையை நம்பல, அவர் வார்த்தையைத்தான் நம்பறாங்க. அதனால அவர் வாயைத் திறக்க வையுங்க. ஆமென்.”

துணிக்குள்ளிருந்து, மரத்துப்போன உதட்டோடு, ஓர் ஆமென் உரக்க வந்தது. பிறகு மெதுவாக ஒன்று. பிறகு பெருமூச்சோடு ஒன்று. எல்லா ஊரிலும் ஆமென் ஒன்றுதான் என்றார் டெய்லர் அக்கா, கரும்பலகையைப் பார்த்தபடியே.

குறடு போட்டேன். பல் முழுசாக வந்தது, வேரின் நுனியில் சீழ்ப் பையோடு. பஞ்சை வைத்துக் கடிக்கச் செய்தேன். பல்லைத் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன். பிறகு அக்காவிடம் சொன்னேன்.

“ஜெபம் பண்ற அண்ணனைத் தேடிக் கண்டக்டரம்மா வந்திருக்காங்க. அவர் எங்க இருக்கார்னு இவருக்குத் தெரிஞ்சா சொல்லச் சொல்லுங்க.”

அக்கா முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் அதை அந்த ஊர்ப் பாஷையில் சொல்லி முடித்தார். வாய் ஓட்டையைச் சுற்றித் துணி ஏறி இறங்கியது. வெளியே அந்தப் பெண் இருமுவது கேட்டது. உள்ளூர்க்காரர் எழுந்து உட்கார்ந்து, துணியைத் தலைவழியாக உருவி, நான்காக மடித்து மேசைமேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே வராந்தாவுக்கு நடந்தார். அக்கா பின்னாலேயே ஓடினார், நானும்தான்.

வராந்தா பெஞ்சில் அவரிடம் ஜெபம் வாங்கிக்கொண்ட முந்தைய நாள் ஆட்கள் நாலைந்து பேர், மறுபடி காட்ட வந்தவர்கள், உட்கார்ந்திருந்தார்கள். வேறொருவரின் கோட்டில், ஒரு பக்கம் தொங்கிப்போன வாயோடு அவர் வந்ததைப் பார்த்து எல்லோரும் எழுந்து நின்றார்கள். கண்டக்டரம்மாவுக்கு முன்னால் போய் நின்றார். வாயிலிருந்து பஞ்சை எடுத்தார். எச்சில் வழிந்தது, துடைத்துக்கொண்டார். கையை நீட்டிப் பல்லைக் காட்டினார்.

“இது என் பல்லு. இப்பத்தான் என் வீட்டுக்காரி எடுத்தா. அன்னைக்கு நான் சொன்னது அவசரப்பட்டுச் சொன்னது. வலிதான் போச்சு, வியாதி போகல. டாக்டர் அப்பவே சொன்னா, நான் கேக்கல.” அவர் நாக்கு தடுமாறியது. “உங்க பொண்ணுக்கு ஜெபம் பண்றேன். கண்டிப்பாப் பண்றேன். ஆனா ஊசி போட்டதுக்கு அப்புறம்.”

டெய்லர் அக்கா ஒரு வார்த்தையைக்கூட வெட்டவில்லை. கண்டக்டரம்மா அவரையும் பல்லையும் மாறி மாறி, கிழிந்த நோட்டை நீட்டிய பயணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கோபித்துக்கொண்டு இப்படியே திரும்பிப் போய்விட்டால் எல்லாம் போயிற்று. அப்போது அந்தப் பெண், பற்களைப் பிரிக்காமலே, என் கணவரைப் பார்த்து ஏதோ கேட்டாள். வலித்ததா என்று கேட்கிறாள் என்றார் அக்கா.

அவர் யோசித்தார். பெரிதாக ஒன்று சொல்ல அவருக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

“குத்தும்போது கொஞ்சம் வலிச்சுது. அப்புறம் இல்ல.”

கண்டக்டரம்மா டிக்கெட் பையைத் தோளிலிருந்து கழற்றிப் பெஞ்சில் வைத்தார். மகளின் முதுகில் கை வைத்து அவளை வகுப்பறைப் பக்கம் நகர்த்தினார்.

அந்தப் பெண் நன்றாக ஆகிவிட்டாள், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சீழ் வெளியேறியது, மறுநாள் காய்ச்சல் இறங்கியது, நாங்கள் புறப்பட்ட அன்று இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்து எங்களுக்குக் கையாட்டினாள். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்ததை.

அவளுக்கு ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தேன். என் கணவர் நாற்காலி ஓரம் மண்டியிட்டு, ஒரு கையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவள் நெற்றியில் வைத்தார். நான் வழக்கம்போல அடுத்த கருவியை எடுக்கத் திரும்பினேன். அவசரமே இல்லை, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

“ஆண்டவரே, பிள்ளை பயப்படுது. கூட இருங்க. ஆமென்.”

அவ்வளவுதான். ஒரே ஓர் ஆமென். தம்பி நிமிர்ந்து பார்த்தான். டெய்லர் அக்கா மொழிபெயர்க்க வாயைத் திறந்து, வெட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் திகைத்து நின்றார். என் வாழ்க்கையிலேயே என் கணவர் இவ்வளவு சின்ன ஜெபம் செய்து நான் கேட்டதில்லை. பெண்ணின் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் உணர்ச்சி இருந்தது.

“என்னங்க, மருந்து இன்னும் பிடிக்கல. கொஞ்சம் நீளமாப் பண்ணுங்க.”

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பல் பிடுங்கியதற்குப் பிறகு அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தார். வீங்கிய வாயோடு, சின்னப் பையனின் குரலில் கேட்டார்.

“யாருக்காக?”

“ஏரோப்ளேன் ஓட்டினவர்ல இருந்து ஆரம்பிங்க” என்றேன்.

அவர் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு விமானியிடம் போனார். நான் குறடைக் கீழே வைத்துவிட்டு, அவர் டீசலுக்கு வந்து சேரும்வரை, அந்தப் பெண்ணின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.